ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல் அத்தியாயம் இருந்தால் நம்ம ஊர் வாய்க்கால் சுத்தமாகுமா?

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் பட்டறை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிரான்சில் இருக்கும் வாடிக்கையாளர் ஒரு படிவம் அனுப்பி, ஒரு சதுர மீட்டர் கல்லுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று எழுதித் தரச் சொல்கிறாராம். இந்தியா போடுகிற வர்த்தக ஒப்பந்தங்களில் எல்லாம் இப்போது சுற்றுச்சூழலுக்கென்று ஒரு அத்தியாயம் வருகிறதே, இந்தப் படிவம் அதனால்தான் வந்ததா, இதனாலெல்லாம் உண்மையிலேயே மாசு குறையுமா, இல்லை நம்மை மாதிரி சின்ன ஆட்களை வெளியே நிறுத்துகிற வேலையா என்பது அவர் கேள்வி.

நான் தேவகோட்டைக்காரன், ஏற்றுமதிக் காகிதங்களோடு வெகுகாலம் பழகியவன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறையும், ஆனால் எல்லா மாசும் குறையாது. துறைமுகத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க முடிகிற விஷயங்கள் மாறிவிடும், அதுவும் வேகமாக மாறும். பட்டறைக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீர், உள்ளூர் அரசோ நீதிமன்றமோ கை வைக்காத வரைக்கும் அப்படியேதான் ஓடும். கரியமில வாயு சரக்கிலும் தெரியாது, வாய்க்காலிலும் தெரியாது, அதைக் கணக்குப் போட்டால்தான் உண்டு. படிவம் வருவது அதனால்தான்.

இதில் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, இரண்டு நாட்டு அரசுகள் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தில் வரும் அத்தியாயம். இன்னொன்று, வாங்குகிற நாடு தன்னிச்சையாகப் போடுகிற இறக்குமதிச் சட்டம், இதற்கு நம் சம்மதம் தேவையில்லை. மூன்றாவது, வாங்குகிறவர் தன் ஆர்டரோடு வைக்கிற நிபந்தனை. உங்களுக்கு வந்த படிவம் மூன்றாவது வகை. பிரான்சில் 2022 ஜனவரியிலிருந்து புதுக் குடியிருப்புக் கட்டடங்களுக்குக் கட்டுமானப் பொருளின் கரிமக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிற விதி நடைமுறையில் இருக்கிறது, அங்கே கட்டுமானத் தொழிலில் இருக்கிறவர் தரைக்கல் வாங்கினால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். டெல்லியில் யாரும் கையெழுத்துப் போட்டதால் வந்த வினை இல்லை இது.

இப்போது தோலுக்கு வருவோம், ஏனென்றால் தமிழ்நாட்டில் இந்தக் கதை முழுசாக நடந்து முடிந்தது அங்கேதான். பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தோலில் பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தைப் போடுவார்கள். 1980களின் கடைசியில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. அடுத்து 1990களின் நடுவில் சில வகை ஏசோ சாயங்களையும் தடை செய்தது, அவை உடைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் வெளியாகும் என்பதால். ஒரு துண்டுத் தோலையோ துணியையோ வெட்டி ஆய்வகத்தில் போட்டால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், இருந்தால் சரக்கு திரும்பி வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பட்டறைகளில் ரசாயனம் மாறியது, 1997க்குள் இந்தியாவே 112 சாயங்களைத் தடை செய்தது. எல்லாம் சில ஆண்டுகளுக்குள். ஆனால் அதே தோல் பட்டறைகளிலிருந்து பாலாற்றில் இறங்கிய உப்பும் குரோமியமும்? அதை ஹாம்பர்க் துறைமுகத்தில் யாரும் அளக்க முடியாது. அதற்கு வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்டில் வந்த அந்தத் தீர்ப்புதான், மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது.

திருப்பூரும் அப்படித்தான். உலகத்துப் பெரிய கடைகள் எல்லாம் அங்கே பனியன் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் நொய்யல் சாயத்தண்ணியாக ஓடியது, ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகி, பாசனத்துக்குக் கட்டிய அணையே விவசாயிக்கு எமனானது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்பது நிஜமாக அமலுக்கு வர ஆரம்பித்தது. வழக்குப் போட்டது கீழ்ப்பகுதி விவசாயிகள். வாங்கினவர்கள் கேட்டதெல்லாம் துணியில் சாயம் ஒட்டுமா, தடை செய்த பொருள் இருக்கிறதா என்பதுதான்.

நம்ம பக்கத்தில் புதுவயல் அரிசி ஆலைகளை வைத்தும் இதைப் பார்க்கலாம். நெல் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்து அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்ததை ஐரோப்பிய ஒன்றியம் 2018 தொடக்கத்திலிருந்து 0.01 ஆக்கியது, பாசுமதி போடும் வடக்கு மாநிலங்களில் மருந்துக் கடையிலிருந்து வயல் வரைக்கும் அது எதிரொலித்தது. ஆனால் ஒரு ஆலை நெல்லை ஊறவைத்து அவித்த தண்ணீரை எங்கே விடுகிறது, அது புளித்து வாடை அடிக்கிறதா, உமிச்சாம்பல் யார் வீட்டு மாடியில் படிகிறது என்பதை எந்த நாட்டுத் துறைமுகமும் கேட்காது. அரிசி மணியில் அது ஒட்டியிருக்காது.

சரி, அதற்குத்தானே ஒப்பந்தத்தில் அத்தியாயம் போடுகிறார்கள், உள்நாட்டுச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்து என்று எழுதத்தானே என்று கேட்பீர்கள். எழுதுகிறார்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்டு 1994இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்துக்குப் பக்கத்திலேயே சுற்றுச்சூழலுக்கென்று தனி ஒப்பந்தம் வந்தது, மாண்ட்ரியலில் ஒரு ஆணையம் வந்தது, ஒரு சாதாரண ஆள்கூட "என் அரசாங்கம் அதன் சட்டத்தையே அமல்படுத்தவில்லை" என்று அங்கே மனு கொடுக்கலாம் என்று வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மனுவின் முடிவில் கிடைப்பது, நடந்தது என்ன என்று பதிவு செய்யும் ஒரு அறிக்கை மட்டும்.

அந்த ஏற்பாடு எங்கே சறுக்கியது என்பதற்கு பழைய கார் பேட்டரிகள்தான் சாட்சி. காற்றில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்ற அளவை அமெரிக்கா 2008இல் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது, ஒரு கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராமிலிருந்து 0.15க்கு. பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் வேலை அங்கே செலவாகிவிட்டது, பேட்டரிகள் லாரி லாரியாக எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போயின. மெக்சிகோ எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, அதன் அளவு முன்பிருந்த இடத்திலேயே இருந்தது, அவ்வளவுதான். பொருளாதார ஆய்வாளர்கள் பிறகு கணக்குப் பார்த்தபோது, அந்த உருக்காலைகளுக்குப் பக்கத்தில் பிறந்த குழந்தைகளின் பிறப்பு எடை பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. "உன் சட்டத்தை நீ அமல்படுத்து" என்ற வாசகம் இந்த மாதிரி இடமாற்றத்தைத் தடுக்காது, சட்டமே இளகலாக இருந்தால் அமல்படுத்தியும் என்ன பயன்? மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கிற காரைக்குடிக்காரர்களுக்கு பேட்டரி ஈயம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் ஒப்பந்த அத்தியாயம் எங்கேயுமே வேலை செய்ததில்லையா? செய்திருக்கிறது. பெரு நாட்டுக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்ம வீட்டு முற்றத்துத் தூண்கள் எல்லாம் பர்மாக் காட்டிலிருந்து கப்பலேறி வந்தவை என்பதால் மரக்கதை நமக்கு உடனே பிடிபடும்.

அமெரிக்காவும் பெருவும் போட்ட ஒப்பந்தம் 2009 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அமேசான் காட்டு மகோகனியும் செடாரும் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டு அமெரிக்காவுக்குப் போவது பெரிய பிரச்சினையாக இருந்ததால், காடு பற்றித் தனியாக ஒரு பின்னிணைப்புச் சேர்த்தார்கள். பொதுவாக "காட்டைக் காப்போம்" என்று எழுதாமல், வெட்டு அனுமதிகளைக் களத்தில் போய்ச் சரிபார்க்கும் ஒஸின்ஃபோர் என்ற அமைப்பு சுதந்திரமாக இயங்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட ஒரு சரக்கு எங்கே வெட்டிய மரம் என்று அமெரிக்கா கேட்டால் பெரு சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதினார்கள். 2016இல் அமெரிக்கா ஒரு சரக்கைப் பற்றி அப்படிக் கேட்டது. போய்ப் பார்த்தால், காகிதத்தில் இருந்த மரங்களில் கணிசமானவை அந்த இடத்தில் இல்லவே இல்லை, வேறெங்கோ வெட்டிய மரத்துக்கு இந்த இடத்து அனுமதியைப் போட்டிருக்கிறார்கள். 2017 அக்டோபரில் அந்த ஏற்றுமதியாளரின் மரம் மூன்று ஆண்டுகளுக்கு அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கக் கூடாது என்று தடுத்தார்கள். 2018 டிசம்பரில் பெரு அரசு ஒஸின்ஃபோரைச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குக் கீழே கொண்டுபோனது. அடுத்த மாதமே அமெரிக்கா ஒப்பந்தத்தின் பிரிவைக் காட்டி முறைப்படி கேள்வி எழுப்பியது, ஏப்ரலில் பெரு அந்த ஆணையை ரத்து செய்தது.

ஒரு நாட்டின் ஆய்வு அமைப்பின் சுதந்திரத்தை ஒப்பந்த வாசகம் காப்பாற்றிய அரிய சம்பவம் இது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. ஒப்பந்தத்தை அமல்படுத்துவதற்காகப் பெரு அரசு பிறப்பித்த நில, காட்டுச் சட்டங்களை எதிர்த்துப் பழங்குடி மக்கள் சாலையை மறித்தார்கள், 2009 ஜூனில் பாகுவாவில் நடந்த மோதலில் போலீசாரும் பொதுமக்களுமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். காட்டைக் காக்கும் வாசகமும் காட்டில் இருப்பவனைக் கேட்காமல் போட்ட சட்டமும் ஒரே ஒப்பந்தத்தின் நிழலில் வந்தவை.

பல நாடுகளைச் சேர்த்து செயற்கைக்கோள் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வும் இதையே சொல்கிறது. வர்த்தக ஒப்பந்தம் போட்டால் காடழிப்பு கூடுகிறது, விவசாய நிலம் விரிவதால். காடு, உயிரினங்கள் பற்றிக் குறிப்பான விதி உள்ள ஒப்பந்தங்களில் அந்தக் கூடுதல் ஈடாகிவிடுகிறது. அப்மன், லண்ட்பெர்க், ருட்டா என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்களின் முடிவு இது. காற்று மாசு பற்றிய ஆய்வுகளிலும், சுற்றுச்சூழல் விதி இருக்கிற ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் நுண்துகள் குறைந்திருப்பதாக முடிவுகள் வந்திருக்கின்றன. என் கணிப்பில், எந்த மரம், எந்த அமைப்பு, யார் சரிபார்ப்பது என்று பெயர் சொல்லி எழுதியது வேலை செய்கிறது. "நீடித்த வளர்ச்சியை ஊக்குவிப்போம்" என்று எழுதியது அச்சுக்கூலிக்குக்கூடப் பயன்படாது.

இறாலையும் சொல்லிவிடுகிறேன், தொண்டியும் ஜெகதாப்பட்டினமும் நமக்குப் பக்கம். இழுவை வலையில் கடலாமை மாட்டிச் சாகாமல் இருக்க, வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தை வைப்பார்கள். இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து பின்னால் போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டி மேலேயோ கீழேயோ இருக்கும் திறப்பு வழியாக வெளியே வந்துவிடும். இந்தக் கம்பிச் சட்டம் இல்லாமல் பிடித்த இறால் வேண்டாம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998 அக்டோபர் தீர்ப்பை நம்ம பக்கம் வெற்றி என்று மட்டும் படிக்கக் கூடாது. ஆமையைக் காக்க இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் நோக்கம் சரிதான், ஆனால் கரீபியன் பக்க நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்துவிட்டு ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் கொடுத்தது பாரபட்சம் என்றது தீர்ப்பு. அமெரிக்கா அமல்படுத்தும் முறையைத் திருத்திக்கொண்டது, சட்டம் நின்றது, 2019இல் நம் கடல் இறாலுக்கு அங்கே கதவு சாத்தப்பட்டது. ஆனால் வளர்ப்பு இறாலுக்கு அந்தத் தடை இல்லை, ஏற்றுமதி வருமானம் அதில்தான், அதனால் விசைப்படகு வலையில் கம்பிச் சட்டம் வைக்க யாருக்கும் அவசரம் வரவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. தடையிலிருந்து தப்பிக்கப் பக்கத்திலேயே இன்னொரு வழி இருந்தால் தடை கடலுக்குள் எட்டாது, அதுதான் நான் இதில் பார்ப்பது.

இனி உங்கள் கல்லுக்கு வருவோம், கரியமில வாயு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, மேலே இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, கலர் கலந்த சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, ஈரம் உறிஞ்சக் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் கலவையைப் போட்டு மட்டம் தட்டுகிறீர்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயில். சூளையே இல்லை. நெருப்பில் வேகும் மற்ற தரைக்கற்களோடு பார்த்தால் உங்கள் பட்டறையில் எரிபொருள் செலவு சொற்பம். கணக்கு முழுவதும் சிமெண்ட் மூட்டைக்குள் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் போய்விடும், அது வேதியியல். நிலக்கரிக்குப் பதில் சூரிய ஒளியால் சுட்டாலும் அது போகத்தான் செய்யும். சிமெண்டின் மூலக்கட்டியான கிளிங்கர் ஒரு டன்னுக்கு இந்த வகையில் மட்டும் அரை டன்னுக்குக் குறையாது, எரிபொருள் புகை தனி. அரியலூரில் தோண்டுகிற சுண்ணாம்புக்கல்லின் புகைக்கணக்கு இப்படித்தான் பாரிஸ் வீட்டுத் தரை வரைக்கும் போகிறது. ஆகவே படிவத்தை நிரப்ப நீங்கள் செய்ய வேண்டியது, எந்த ஆலைச் சிமெண்ட், எந்த ரகம், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று ரசீதோடு வைத்துக்கொள்வது. சாம்பல் கலந்த சிமெண்டில் கிளிங்கர் குறைவு, கணக்கும் குறையும். கலர் அடுக்குக்கு வெள்ளைச் சிமெண்ட் போட்டால் அதைத் தனியாக எழுதுங்கள். ஒரு டன்னுக்கு எவ்வளவு என்ற எண்ணைச் சிமெண்ட் ஆலையிடம் கேளுங்கள், பெரிய ஆலைகளிடம் கணக்கு இருக்கும்.

இறக்குமதிப் பொருளின் கரியமில வாயுவுக்குக் காசு கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி உங்களைப் பிடிக்குமா என்ற பயம் வேண்டாம். 2023 அக்டோபரில் கணக்குக் கேட்பதாகத் தொடங்கி 2026 ஜனவரியிலிருந்து பணம் சம்பந்தப்பட்டதாக மாறிய அந்த ஏற்பாட்டில் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் இருக்கின்றன. சிமெண்ட் என்றால் கிளிங்கர், மூட்டைச் சிமெண்ட் மாதிரியானவை. சிமெண்டால் செய்த தரைக்கல் பட்டியலில் இல்லை, தவிர ஒரு இறக்குமதியாளர் வருடத்துக்கு 50 டன்னுக்குள் பட்டியல் பொருள்களைக் கொண்டுவந்தால் அவருக்கே விலக்கு உண்டு.

எல்லைக் கரிம வரி செய்ய முயல்வது, பின்வாசல் புகையைத் துறைமுகத்தில் தெரிகிற எண்ணாக மாற்றுவது. யோசனையில் தப்பில்லை, காற்றுக்கு எல்லை கிடையாது என்பதும் வாஸ்தவம்தான். எனக்கு இருக்கும் மனத்தாங்கல் பணம் எங்கே போகிறது என்பதில். ஐரோப்பியத் துறைமுகத்தில் கட்டும் காசு அவர்கள் கஜானாவுக்குப் போகிறது, நூறு வருஷத்துக்கு மேல் நிலக்கரி எரித்து வளர்ந்தவர்கள் அவர்கள், அந்தக் காசில் ஒரு பங்காவது இங்கே சூளையை மாற்றத் திரும்பி வந்திருக்க வேண்டாமா? 2023இல் இந்தியா தன் சொந்தக் கரிமச் சந்தைத் திட்டத்தை அறிவித்ததற்கு, இங்கேயே விலை கட்டினால் அங்கே கழித்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். அந்த வகையில் வெளி அழுத்தம் வேலை செய்திருக்கிறது.

இன்னொன்று, பச்சை அத்தியாயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தப்புவது. ஜோசப் ஷாபிரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான நாடுகளில் அதிகம் புகை கக்கிச் செய்யப்படும் பொருளுக்குச் சுங்கம் குறைவு, சுத்தமான பொருளுக்குச் சுங்கம் அதிகம் என்று அதில் காட்டினார். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. இரும்பு, ரசாயனம் மாதிரி மூலப்பொருள் மலிவாக வர வேண்டும் என்று தொழிற்சாலைகள் அரசை நெருக்கும், முடிந்த பொருளுக்குப் போட்டி வரக் கூடாது என்றும் நெருக்கும். அவர் கணக்குப்படி இந்த வித்தியாசம் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 85 முதல் 120 டாலர் மானியம் கொடுப்பதற்குச் சமம். சுங்கப் பட்டியலைச் சரிசெய்வது பத்துப் பக்கம் நல்ல வார்த்தை எழுதுவதைவிட அதிகம் சாதிக்கும், ஆனால் அந்தப் பட்டியலைப் பேசும் அறையில் சுற்றுச்சூழல்காரர்கள் யாரும் உட்காருவதில்லை.

ஒப்பந்தமே குறுக்கே நின்றதும் உண்டு. தேசிய சூரிய மின் திட்டத்தில் உள்நாட்டுத் தகடுதான் வேண்டும் என்று இந்தியா வைத்த விதியை எதிர்த்து அமெரிக்கா வழக்குப் போட்டு 2016இல் ஜெயித்தது. மெக்சிகோவில் நச்சுக் கழிவுக் கிடங்குக்கு உள்ளூராட்சி அனுமதி மறுத்ததற்காக, முதலீட்டாளருக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லி 2000இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் அத்தியாயத்தை மீறினால் ஆலோசனைக் கூட்டம், முதலீட்டு அத்தியாயத்தை மீறினால் கோடிக்கணக்கில் நஷ்டஈடு என்று ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு தராசு இருந்தால் எந்த அரசு எதற்குப் பயப்படும்?

இந்தியா விஷயத்தில் இதைத்தான் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் கையெழுத்தாகி 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் ஒப்பந்தத்திலும், 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்திலும் சுற்றுச்சூழல் வாசகங்கள் இருக்கின்றன. வர்த்தகத்துக்காகச் சட்டத்தை இளக்கக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் தகராறு வந்தால் நடுவர் குழுவுக்குப் போகும் பட்டியலில் அவை இல்லை, பேசித்தான் தீர்க்க வேண்டும். இந்தியாதான் அப்படி வைத்தது, பச்சைப் பெயரைச் சொல்லிக் கதவை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விலையும் உண்டு. பெருவில் ஒஸின்ஃபோருக்குக் கிடைத்த மாதிரி ஒரு பிடி, நம்ம மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இந்த ஒப்பந்தங்களிலிருந்து கிடைக்காது.

ஆகவே காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் லண்டனிலிருந்தோ பிரஸ்ஸல்ஸிலிருந்தோ எதுவும் வரும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணை நகலை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எங்கே, எந்த அளவில் சுத்தம் செய்து விட வேண்டும் என்று அதில் இருக்கும். மீறினால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அந்த ஆலை ஏற்றுமதி செய்கிறதென்றால் வாங்குகிறவருக்கும் அதே நகலை அனுப்புங்கள். துறைமுகத்தில் தெரியாத வாய்க்காலை அவர் மேஜையில் கொண்டுபோய் வைக்க இப்போதைக்கு இருக்கிற வழி அது.